சொற்பொழிவுக்குக் காசு கொடுப்பது யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர் மாலையில் வருகிறார். ஒரு மணி நேரம் பேசுகிறார், போகிறார். டிக்கெட் கிடையாது. “அனைவரும் வருக” என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். இனாம்தானே என்று நாமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்காருகிறோம்.

இனாம் என்று ஒன்றும் கிடையாது. பேசுகிறவருக்கு ரயில் செலவு உண்டு, சன்மானம் உண்டு. மண்டபத்துக்கு வாடகை. விளக்குக்குச் செலவு. நோட்டீஸுக்கு அச்சுக்கூலி. பெஞ்சு தூக்கிப் போடுகிறவருக்குக் கூலி. இதையெல்லாம் யாரோ கொடுக்கிறார்கள். யார் கொடுக்கிறார்கள்? எதற்காகக் கொடுக்கிறார்கள்? கொடுத்தவர் பிற்பாடு என்ன கேட்கிறார்? இன்று நாம் பேசப் போவது இதைப் பற்றித்தான்.

கதை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது. அந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் பெரிய அளவில் முதலில் வந்தது அங்கே. ஆலைச் சங்கு ஊதி வெளியே வந்த மனிதன் ‘எனக்கும் படிப்பு வேண்டும்’ என்று கேட்டதும் அங்கே. அந்தக் கேள்விக்கு எத்தனை விதமான பதில் கிடைத்தது என்பதற்குக் கணக்கோடு சாட்சி இருக்கிறது.

1800-ம் வருஷத்தில் கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் பிர்க்பெக் என்று ஒரு வாலிப ஆசிரியர் இருந்தார். வயது இருபத்து நாலுதான். ஆண்டர்சன் கலாசாலையில் பௌதிகம் போதித்தவர். பாடத்துக்கு ஒரு பம்பு மாதிரி வேண்டியிருந்தது. செய்யச் சொல்லித் தகரப் பட்டறைக்குப் போனார். பட்டறையில் வேலை செய்தவர்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இது என்ன, தண்ணீர் எப்படி ஏறும், ஏன் ஏறும் என்று கேள்வி மேல் கேள்வி. சாமானைச் செய்கிற கைக்கு அதன் சாஸ்திரத்தைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை என்பது அவருக்கு அப்போது உறைத்தது. சனிக்கிழமை ராத்திரிகளில் கைத்தொழிலாளருக்குக் கட்டணம் இல்லாமல் சொற்பொழிவு நடத்துகிறேன் என்றார். பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தால் கேட்கமாட்டார்கள், கேட்டால் புரியாது என்றார்கள். முதல் வாரம் 75 பேர் வந்தார்கள். நாலாவது வாரம் 500 பேர்!

இங்கே செலவு யாருடையது? வாத்தியாருடைய உழைப்பு, கலாசாலையின் மண்டபம். ஒரு நல்ல மனிதரின் மனசை நம்பி நடந்த காரியம். 1804-ல் அவர் ஊரை விட்டுப் போனார். நல்லவேளையாகச் சொற்பொழிவு நிற்கவில்லை. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

அதே பிர்க்பெக் லண்டனுக்கு வந்தார். 1823-ல் ஜோசப் ராபர்ட்சன், தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்ற இரண்டு பேர், தாங்கள் நடத்திய தொழிலாளர் பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார்கள். லண்டன் தொழிலாளர்கள் தாங்களே ஒரு கல்வி ஸ்தாபனம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. அந்த ‘தாங்களே’ என்ற சொல்லில்தான் சண்டை ஆரம்பமாயிற்று. அந்த நவம்பர் மாதம் ஒரு விடுதியில் கூடிய கூட்டத்துக்கு 2,000 பேர் வந்தார்கள் என்று சொல்கிறார்கள். கூட்டம் இருந்தது, உற்சாகம் இருந்தது, கட்டிடம் இல்லை.

பிரான்சிஸ் பிளேஸ் என்று ஒரு தையற்காரர் அந்த இயக்கத்தில் இருந்தார். காரியம் சாதிக்கிறவர். பிரபுக்களிடமும் பணக்காரர்களிடமும் பட்டியல் எடுத்துக்கொண்டு போனார். ஹாட்ஜ்ஸ்கினுக்கும் ராபர்ட்சனுக்கும் அது பிடிக்கவில்லை. பணக்காரன் கொடுத்த பணத்தில் கட்டினால் பாடமும் பணக்காரன் சொல்கிற பாடமாகத்தான் இருக்கும், கொஞ்சமாக வசூலானாலும் நம் கைக்காசாக இருக்கட்டும் என்றார்கள். பிளேஸ் கேட்டது வேறு: தொழிலாளியின் சந்தாவை மட்டும் நம்பினால் மண்டபம் எந்த யுகத்தில் எழும்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது தோழர்களே. சங்கக் கட்டிடம் கட்ட வசூலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

கடைசியில் பணக்காரர் நன்கொடை வந்தது. பிர்க்பெக் தம் கையிலிருந்து 3,700 பவுன் கடன் கொடுத்தார். பெரிய சொற்பொழிவு மண்டபம் எழும்பியது. தொழிலாளிக்கு வருஷச் சந்தா 20 ஷில்லிங். நிர்வாகக் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தொழிலாளர்களாக இருக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். அந்த விதிக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடன் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கமிட்டியில் கையெழுப்பு எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஹாட்ஜ்ஸ்கினையும் அந்த மண்டபம் அடியோடு ஒதுக்கிவிடவில்லை. அவர் அங்கே பொருளாதாரம் பற்றிப் பேசினார். அந்த நாலு சொற்பொழிவுகள் 1827-ல் புஸ்தகமாக வந்தன. மூலதனம் என்று முதலாளி சொல்வதெல்லாம் உழைப்பின் பலன் என்று 1825-லேயே சிறு பிரசுரம் எழுதினவர் அவர். மார்க்ஸ் தம்முடைய ‘மூலதன’த்தில் அவரை எடுத்துக்காட்டுகிறார். ஆனால் ஊர் ஊராக இதே மாதிரி கிளம்பிய ஸ்தாபனங்களில் நடந்தது வேறு. பல இடங்களில் அரசியலும் மதமும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். போகப் போக நாற்காலிகளில் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் உட்கார்ந்தார்கள். கூலி குறைந்தது ஏன் என்று கேட்க வந்தவனுக்கு நட்சத்திரங்களைப் பற்றி மட்டும் சொன்னால் அவன் எத்தனை நாள் வருவான்? நட்சத்திரமும் வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை.

இன்னொரு வகைப் பணமும் உண்டு. சாகும்போது எழுதிவைக்கிற பணம். ஸ்காட்லாந்தில் கிஃபோர்டு என்று ஒரு நீதிபதி 1885-ல் உயில் எழுதினார், 1887-ல் காலமானார். நாலு ஸ்காட்லாந்து சர்வகலாசாலைகளுக்கு மொத்தம் 80,000 பவுன். எடின்பரோவுக்கு 25,000, கிளாஸ்கோவுக்கும் அபர்டீனுக்கும் தலைக்கு 20,000, செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 15,000. வட்டியிலிருந்து வெளியாளைக் கூப்பிட்டுச் சொற்பொழிவு நடத்த வேண்டும். விஷயம் கடவுள் தத்துவம். நம் ஊர்ப் பெரிய மனிதர் செய்கிற கட்டளை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பேசுகிறவர் எந்த மதத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம், சத்தியப் பிரமாணம் எதுவும் கேட்கக்கூடாது என்று எழுதினார். மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஊர் ஜனங்கள் எல்லாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். 1888-ல் ஆரம்பித்து அந்தச் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. பணக்காரன் கொடுத்த பணத்திலும் நல்ல நிபந்தனை உண்டு என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் ஒன்று பாருங்கள்: என்ன விஷயம் பேசுவது என்பதைச் செத்தவர் முடிவு செய்துவிட்டார். நிலக்கரி விலையைப் பற்றிப் பேச அந்தப் பணத்தில் ஒரு பென்னி எடுக்க முடியாது.

இனி நம் ஆட்களின் கதைக்கு வருவோம்.

ராச்டேல் என்பது லங்காஷயரில் ஒரு ஜவுளி ஊர். 1844-ல் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். மாவும் வெண்ணெயும் ஓட்ஸும் சர்க்கரையும் விற்ற கடை. கலப்படம் கிடையாது, கடன் கிடையாது. இந்தக் கடையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாத விஷயம் ஒன்று சொல்கிறோம். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு என்று அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். விற்ற ஒவ்வொரு படி மாவிலும் படிப்புக்கு ஒரு பிடி! அதில் புஸ்தகசாலை வந்தது, பத்திரிகை படிக்கும் அறை வந்தது, மண்டபமும் வந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை.

1860-களின் கடைசியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் இளம் ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அந்த மண்டபத்துக்குப் பேச வந்தார். அதற்கு முன்னால் 1867-ல் லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களில் பெண்கள் சங்கங்களுக்குச் சொற்பொழிவு நடத்தியவர் அவர். சர்வகலாசாலை பெண்ணுக்குக் கதவு திறக்காத காலம். பெண்கள் தாங்களே சங்கம் வைத்து வாத்தியாரை வரவழைத்தார்கள். வாலிப வாத்தியாரிடம் வாய்விட்டுப் பதில் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து, பதிலை எழுதி அனுப்பச் சொன்னார் ஸ்டூவர்ட். கூச்சத்தில் பிறந்த அந்த ஏற்பாடு பிறகு எல்லா ஊருக்கும் முறையாகிவிட்டது.

ராச்டேலில் நடந்தது இன்னும் ருசியானது. ஒரு நாள் பேச்சு முடிந்ததும் ஸ்டூவர்ட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. சுவரில் மாட்டிய படங்களைக் கழற்ற நேரமில்லை. அடுத்த வாரம் வரை தொங்கட்டும் என்று மண்டபக் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது காவல்காரர் சொன்னார்: நீங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்! நடுவில் அங்கத்தினர் கூட்டம் நடந்தது. படங்களைப் பார்த்துத் தங்களுக்குள் விவாதம் செய்தார்கள். கேட்க ஒரு மூட்டை கேள்வி வைத்திருக்கிறார்கள். இன்று பேச்சுக்கு முன்னாலேயே வருகிறார்கள். அன்றிலிருந்து சொற்பொழிவோடு கேள்வி வகுப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு பெரிய சர்வகலாசாலையின் போதனா முறையைத் திருத்தியது பெண்களின் கூச்சமும் நெசவாளிகளின் கேள்வியும். இது எந்தக் கட்டிடத்தின் கல்வெட்டிலும் இருக்காது.

ஸ்டூவர்ட் கேம்பிரிட்ஜில் சண்டை போட்டு, 1873-ல் சர்வகலாசாலை இதைத் திட்டமாக ஏற்றுக்கொண்டது. நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் மூன்று ஊர்களில் ஆரம்பம். பிறகு லண்டனும் ஆக்ஸ்போர்டும் இதைக் கையில் எடுத்தன. கேட்க அழகாக இருக்கிறது. இப்போது கணக்குப் புஸ்தகத்தைத் திறப்போம்.

சர்வகலாசாலை ஆளை அனுப்பும். காசு கொடுக்காது. 12 சொற்பொழிவு கொண்ட ஒரு வரிசைக்கு கேம்பிரிட்ஜ் வாங்கியது சுமார் 45 பவுன். மண்டபம், விளக்கு, அச்சு எல்லாம் சேர்ந்தால் உள்ளூர்க் கமிட்டி 65 பவுன் வரை தேடவேண்டும். 65 பவுன் என்றால் 1,300 ஷில்லிங். நூறு சுரங்கத் தொழிலாளர் பங்கு போட்டால் தலைக்கு 13 ஷில்லிங், அதாவது இரண்டு மூன்று நாள் கூலி. அரிசிப் பானையில் கை வைக்காமல் அதை எப்படிக் கொடுப்பது? பல ஊரில் தந்திரம் செய்தார்கள். மத்தியானம் வேலை வெட்டி இல்லாத சீமாட்டிகளுக்கு ஒரு வகுப்பு, அதிக கட்டணம். அந்த மீதத்தில் ராத்திரி தொழிலாளிக்கு ஒரு வகுப்பு, குறைந்த கட்டணம். பெட்டி நிரம்பியது உண்மை. ஆனால் எந்த விஷயம் பேசுவது என்பதை மத்தியான நாற்காலிதான் தீர்மானித்தது. இலக்கியமும் ஓவியமும் முன்னே வந்தன. பொருளாதாரம் பின்னே போயிற்று.

நார்தம்பர்லாந்து சுரங்கக் கிராமங்களில் மத்தியானச் சீமாட்டிகள் யாரும் இல்லை. அங்கே தொழிலாளிகளே கமிட்டி, தொழிலாளிகளே காரியதரிசி, தொழிலாளிகளே சபை. 1880 வாக்கில் அங்கே பொருளாதாரம் பற்றிய சொற்பொழிவுகளுக்குக் கிராமம் கிராமமாகக் கூடினார்கள். இரண்டு சகோதரர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். இருவரும் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள். சொற்பொழிவு நடந்த ஊரிலிருந்து ஐந்து மைலில் அவர்கள் கிராமம். போகும்போது ரயில் உண்டு, திரும்ப ரயில் இல்லை. மூன்று மாதம் வாரம் தவறாமல் ராத்திரியில் நடந்தே வீடு திரும்பினார்கள். ஒரு நாள் புயல், பாதையெல்லாம் வெள்ளம், வழி தவறி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். விடிந்தால் மறுபடி குழிக்குள் இறங்க வேண்டிய மனிதர்கள்! கடைசியில் தங்கள் கிராமத்துக்கே சொற்பொழிவை வரவழைத்துவிட்டார்கள்.

தொழிலாளிக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று சொல்கிற கனவான்கள் அந்தப் பாதையில் ஒரு ராத்திரி நடந்து பார்க்கட்டும்.

1887-ல் நிலக்கரி விலை விழுந்தது. முதலாளிகள் கூலியை நூற்றுக்கு 15 வீதம் வெட்டுவோம் என்றார்கள். நார்தம்பர்லாந்து முழுவதும் வேலைநிறுத்தம். ஜனவரியில் ஆரம்பித்து ஏறக்குறைய நாலு மாதம். அடுப்பில் பூனை தூங்கியது. சொற்பொழிவுக் கமிட்டியின் பெட்டியும் காலி. போராட்டம் முடிந்து சுரங்கம் திறந்தபோது, பல கிராமங்களில் சொற்பொழிவு திரும்ப எழுந்திருக்கவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த ஆசையை வாத்தியாரின் சம்பளச் சீட்டு தோற்கடித்துவிட்டது. சர்வகலாசாலை, ‘இந்த வருஷம் காசு வேண்டாம், ஆளை அனுப்புகிறோம்’ என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதற்கென்று ஒரு நிதி அதனிடம் இல்லை. வைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இதற்கு இடையில் நாட்டிங்காமில் பெயர் சொல்லாத ஒருவர் 10,000 பவுன் கொடுக்க, நகரசபை கட்டிடம் கட்டி, 1881-ல் அங்கே பெரிய கல்லூரியே திறந்தாகிவிட்டது. வசதி உள்ள ஊரில் சொற்பொழிவு கல்லூரியாக வளர்ந்தது. குழிக்குள் இறங்குகிற ஊரில் அது ஒரு வேலைநிறுத்தத்தோடு செத்தது. விதை ஒன்று, நிலம் வேறு.

அடுத்த முயற்சி 1903-ல். ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவர் தச்சரின் மகன். கூட்டுறவு மொத்த விற்பனை ஸ்தாபனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் மனைவி பிரான்செஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து இரண்டரை ஷில்லிங் எடுத்துக் கொடுத்தார். அதுதான் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் முதல் மூலதனம். 1907-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு மாநாடு கூடியது. போர்ட்ஸ்மவுத் கப்பல் பட்டறைத் தொழிலாளி மக்டாவிஷ் அங்கே எழுந்து, நாங்கள் இங்கே பிச்சை கேட்க வரவில்லை, எங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்க வந்திருக்கிறோம் என்ற தோரணையில் பேசினார். சபை அதிர்ந்தது. ஏழு பேர் சர்வகலாசாலை, ஏழு பேர் தொழிலாளர் என்று சரிபாதிக் கமிட்டி அமைந்தது. சரிபாதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ராச்டேல்! அந்த ஊர்த் தோழர்கள் ஆக்ஸ்போர்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்: எங்களில் முப்பது பேர் இரண்டு வருஷம் தவறாமல் வருவோம், பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை எழுதுவோம் என்று வாக்குக் கொடுக்கிறோம், நீங்கள் நல்ல ஆசிரியரை அனுப்புங்கள். பணம் இல்லாதவன் வேறு எதை அடகு வைப்பான்? வாக்கையும் நேரத்தையும் வைத்தார்கள். 1908 ஜனவரியில் டானி என்ற சரித்திர ஆசிரியர் வந்தார். வெள்ளிக்கிழமை மாலை லாங்டன் என்ற பீங்கான் ஊர். சனிக்கிழமை மத்தியானம் ராச்டேல். ஒரு மணி பேச்சு, ஒரு மணி விவாதம். விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது மாணவர்கள். செலவில் பாதியை ஆக்ஸ்போர்டு ஏற்றது. 1914-க்குள் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் சுமார் 3,000 பேர் படித்தார்கள். சர்க்கார் மானியமும் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் என்று சொன்னோமே, அது எங்கிருந்து வந்தது? 1850-ம் வருஷ ஆலைச் சட்டம், பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. எத்தனையோ வருஷம் மனுப் போட்டு, ஊர்வலம் போய் வாங்கிய சட்டம். சொற்பொழிவின் வரவு செலவில் இதையும் வரவாக எழுத வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்றவனுக்கு இனாம் சொற்பொழிவு இனாம் தூக்கம்தான்.

ஆனால் சர்க்கார் மானியமும் சரிபாதிக் கமிட்டியும் எல்லாருக்கும் திருப்தி தரவில்லை. ஆக்ஸ்போர்டிலேயே ரஸ்கின் கல்லூரி என்று தொழிலாளருக்காக 1899-ல் வைத்த ஸ்தாபனம் இருந்தது. பல மாணவர்களுக்குத் தொழிற்சங்கங்கள் பணம் கட்டின. சர்வகலாசாலை இதை மெல்ல அணைத்துத் தன் வழிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது என்று மாணவர்களுக்குச் சந்தேகம். 1909-ல் அவர்களுக்குப் பிடித்த தலைவர் டென்னிஸ் ஹேர்டை வெளியேற்றினார்கள். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! சொற்பொழிவுக்கே போகாத வேலைநிறுத்தம். அதிலிருந்து பிரிந்து மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று வேறு கல்லூரி வைத்தார்கள்; தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கின. மார்க்ஸை அங்கே மறைவில் படிக்க வேண்டியதில்லை. பின்னால் மந்திரியாகி எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொண்டுவந்த அன்யூரின் பெவான் அங்கே படித்த சுரங்கத் தொழிலாளி.

அந்தக் கல்லூரி 1929-ல் மூடப்பட்டது. 1926-ல் சுரங்க முதலாளிகள் கதவடைத்து மாதக்கணக்கில் சங்கத்தின் நிதியை வற்றடித்தார்கள். தாங்கின கைகளே தளர்ந்தன. 1887-ல் நார்தம்பர்லாந்தில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஆக, நம் காசு மட்டும் போதும் என்று வீரம் பேசுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கைக் காட்டத்தான் வேண்டும். எங்கள் அபிப்பிராயம் இது: சர்வகலாசாலைப் பணம் ஜனங்கள் கொடுத்த வரிப்பணம், அதிலிருந்து நமக்கு ஆசிரியரைக் கேட்பது உரிமை, கேட்டே ஆகவேண்டும். ஆனால் மண்டபச் சாவி, விஷயத் தேர்வு, கேள்வி கேட்கும் நேரம் இந்த மூன்றையும் யார் எவ்வளவு கொடுத்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ராச்டேல்காரர்கள் இரண்டு தடவையும் ஜெயித்தது அதனால்தான். பெஞ்சு அவர்களுடையது.

லாங்டன் வகுப்பைப் பற்றி ஒன்று மிச்சம். அங்கே படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சுற்றிலும் சுரங்கக் கிராமங்கள். அங்கெல்லாம் அனுப்ப ஆக்ஸ்போர்டில் ஆள் ஏது, பணம் ஏது? 1911 முதல் அந்த மாணவர்களே கிராமங்களுக்குப் போய்ப் பாடம் சொன்னார்கள். அந்த வகுப்புகளுக்கு ஆக்ஸ்போர்டிலிருந்து ரயில் செலவு இல்லை, 45 பவுன் இல்லை.

மணி ஒன்பதாகப் போகிறது. இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்கள் முதலில் கேள்வி கேளுங்கள்; மற்றவர்கள் பிறகு.